சுறா எண்ணெயில் வரைந்த மாதா

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. ஆனால் பாம்பனிலிருந்து மாரியூர் வரைக்கும் நான் கைவைக்காத பொருள் எது, சொல்லுங்கள் பார்ப்போம். கரி, செங்காவி, களிமண், பனைமட்டை எல்லாவற்றிலும் உருவம் கொண்டுவந்தவன். யாரும் சொல்லித்தரவில்லை. எதைப் பார்த்தாலும் இதில் வரைந்தால் என்ன ஆகும் என்று கை துறுதுறுக்கும், அவ்வளவுதான்.

சுதந்திரம் வந்து சில வருஷம் இருக்கும். எங்கள் கடற்கரை ஊர் மாதா கோயிலின் முகப்புச் சுவரில் மாதா படம் வேண்டும் என்றார்கள். நான் வரைகிறேன் என்றேன். கோயிலைப் பார்த்துக்கொண்ட கோயில்பிள்ளைக்கோ மதுரையிலிருந்து கண்ணாடி போட்ட படம் வாங்க ஆசை.

"ஏலே, வள்ளத்துக்கு எண்ணெய் பூசுறவன் மாதாவை வரைவானா?" என்றார் அவர்.

"திருவிழாக் கொடியேத்தத்துக்குள்ள முடிக்கிறேன். இல்லைன்னா இனிமே இந்தச் சுவரைத் தொடமாட்டேன்" என்று வீம்பாகச் சொல்லிவிட்டேன்.

வள்ளத்துப் பலகை உப்புத்தண்ணீரில் கெடாமலிருக்கச் சுறா ஈரல் எண்ணெய்தான் பூசுவோம். பலகைக்கு ஆவது சுவருக்கு ஆகாதா? காவியையும் நீலத்தையும் அதில் குழைத்தேன். என்ன மினுக்கு தெரியுமா! நானே அசந்து நின்றேன்.

விடிந்து போனால் ஊர்ப் பூனையெல்லாம் சுவரடியில். மாதாவின் பாதத்தைக் காணோம், நக்கித் தீர்த்துவிட்டன.

"ஏலே, மாதாவை வரையச் சொன்னா பூனைக்குப் பந்தி வச்சிருக்கியே!" என்றார் கோயில்பிள்ளை.

"அந்தக் கையோட வீட்டுக்குள்ள வராதீங்க, நம்ம பூனை உங்களையும் தின்னுரும்" என்றாள் என் வீட்டுக்காரி.

எனக்குக் கோபம் வரவில்லை. பூனை தொடாத பொருள் எது என்றுதான் மண்டை குடைந்தது. கரையோரம் நடக்கையில் சிப்பி ஒன்று காலில் குத்தியது. எடுத்து மோந்து பார்த்தேன். வெயிலில் காய்ந்து வாடையே இல்லை. வெளுக்கவும் வெளுக்காது!

எண்ணெய்ப் பூச்சைக் கல் தெரியச் சுரண்டினேன். சுண்ணாம்பைச் சாண் சாணாகப் பூசி, ஈரம் காயுமுன் சிப்பியைப் பதித்தேன். முகத்துக்கு முத்துச்சிப்பியின் உள்பக்கம். போர்வைக்கு, கரையொதுங்கிய நீல மருந்துப் புட்டிகளின் சில்லு.

கொடியேற்றத்தன்று காலையில்தான் கடைசிச் சில்லு பதிந்தது. கோயில்பிள்ளை வந்து பார்த்தார். ஒரு பூனையைத் தூக்கிவந்து சுவரடியில் விட்டார். ஊரே மாதாவை விட்டுவிட்டுப் பூனையைப் பார்த்தது. அது மோந்தது, தும்மியது, போய்விட்டது.

"கொடியை ஏத்துங்கலே" என்றார்.

எல்லோரும் கும்பிட்டார்கள். நான் மேலே ஏறும் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை காற்றிலும் வெயிலிலும் துணியில் சாயம் எப்படி நிற்கிறது?