‘பொறவு’ என்றால் என்ன அர்த்தம்?

தலை நிறைய நல்லெண்ணெயோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்களா? போன மாதம் நான் உட்கார்ந்தேன். அதுவும் பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டர்.

குற்றாலத்தில் அப்போதுதான் சீசன் தொடங்கியிருந்தது. தென்காசியில் குடியிருப்பவர்களுக்கு இதைப் பேப்பர் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. காலையில் துவைத்துப் போட்ட துணி சாயங்காலமும் ஈரமாகவே இருந்தால் சீசன் வந்துவிட்டது என்று அர்த்தம். வெளியூர்க் கூட்டம் வந்து சேருவதற்குள் ஐந்தருவியில் ஒரு குளியல் போட்டுவிடலாம் என்று தலையில் எண்ணெய் வைத்து, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, ஸ்கூட்டர் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

“அண்ணாச்சி… கொஞ்சம் இங்கன வாரியளா? மிஷின் பேச மாட்டேங்கு.”

பேச்சி. முழுப் பெயர் பேச்சியம்மாள். முப்பது வயதிருக்கும். பிறவியிலேயே பார்வை கிடையாது. அம்மாவோடு இருக்கிறாள், தம்பி ராணுவத்தில். அவன் லீவில் வந்தபோது வாங்கிக் கொடுத்த லாப்டாப்பில், திரையில் இருப்பதையெல்லாம் வாய்விட்டுப் படித்துச் சொல்லும் சாஃப்ட்வேர் ஒன்று இருக்கிறது. அது படிக்கிற வேகம் நமக்குப் பிடிபடாது — கடலை வறுக்கிற சத்தம்தான் கேட்கும். பேச்சிக்கு அது தெளிவான தமிழ். கேட்டுக்கொண்டே டைப் அடிப்பாள்.

அன்றைக்கு அவளுக்கு ஆன்லைனில் இன்டர்வியூ. சென்னையில் ஒரு கம்பெனி. ரெக்கார்டு செய்த பேச்சைக் கேட்டு டைப் அடித்துக் கொடுக்கிற வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம். அவளுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி ஒரு வேலை.

இதற்கு முன்னால் தென்காசியிலும் சுரண்டையிலும் சில இடங்களில் வேலை கேட்டுப் பார்த்திருக்கிறாள். யாரும் விரட்டவில்லை. உட்கார வைத்துக் காபி கொடுத்து, “பொறவு சொல்லி அனுப்புதோம் தாயி” என்று அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் ஊரில் ‘பொறவு’, அதாவது பிறகு, என்றால் என்ன அர்த்தம் தெரியுமா? வேண்டாம் என்று அர்த்தம்.

முகத்துக்கு நேராக ‘முடியாது’, ‘வேண்டாம்’ என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது. வழியில் பார்த்த சொந்தக்காரர் சாப்பிடக் கூப்பிடுகிறாரா? பொறவு வாரேன். இன்சூரன்ஸ் ஏஜென்ட் வந்து நிற்கிறாரா? பொறவு பாப்போம். பையனுக்குப் பார்த்த பெண் பிடிக்கவில்லையா? பொறவு சொல்லுதோம். சொன்னவருக்கும் புரியும், கேட்டவருக்கும் புரியும். அதற்கப்புறம் யாரும் யாரையும் தொந்தரவு செய்வதில்லை.

இந்தச் சங்கதி தெரியாத ஒரே ஆள் அந்த லாப்டாப்தான். சில வாரங்களாகவே அது பேச்சியிடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது: அப்டேட் வந்திருக்கிறது, இப்போதா, பிறகா? இவளும் ஒவ்வொரு முறையும் மரியாதையாக ‘பிறகு’. எங்கள் ஊர் வழக்கப்படி விஷயம் அத்தோடு முடிந்தது. மிஷினுக்கு அப்படியா? பிறகு என்றால் பிறகு.

அந்தப் பிறகு, இன்டர்வியூவுக்கு அரை மணி நேரம் இருக்கும்போது வந்து தொலைந்தது.

நான் உள்ளே போனபோது பேச்சி ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கீபோர்டு மேல் கைகளை வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அம்மா வீட்டில் இல்லை. மகள் இன்டர்வியூ நல்லபடியாக நடக்க வேண்டும் என்று ஆய்க்குடி முருகன் கோயிலுக்குப் போயிருந்தாராம்.

“ஆன்ல இருக்கா, ஆஃப்ல இருக்கா? அத மட்டும் மொதல்ல சொல்லுங்க அண்ணாச்சி.”

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்டேட் ஆகும்போது நாமும்தான் எரிச்சல்படுகிறோம். ஆனால் நமக்காவது ஒரு வட்டம் சுற்றுகிறது, ஒரு சதவீதம் ஏறுகிறது. அவளுக்கு அதுவும் இல்லை. பேசிக்கொண்டிருந்த ஆள் பாதி வார்த்தையில் எழுந்து போய்விட்டார். திரும்பி வருவாரா, மாட்டாரா, யாரைக் கேட்பது?

“ஆன்லதான் இருக்கு. அப்டேட் நடக்குதாம். முப்பது சதவீதம். கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம். பாவிப் பய மிஷின், நேரம் பாத்து…”

“அதுவும் ஸ்கிரீன்ல இருக்கா?”

“இல்ல, அது நான் சொல்லுதது.”

“இருக்கத மட்டும் படிங்க அண்ணாச்சி.”

இத்தனை வருஷம் பத்திரிகைகளில் எழுதிக் கிழித்த எனக்கு, இருப்பதை மட்டும் படிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. நாற்பது என்றேன். நாற்பதிலேயே நின்றது. மனசு கேட்காமல் “இப்ப முடிஞ்சிரும்” என்றேன். அதுவும் திரையில் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. பேச்சை மாற்றினாள்.

“எண்ணெய் வாசம் வருதே… ஐந்தருவிக்குக் கெளம்பிட்டியளோ?”

“பொறவு போய்க்கிடலாம்.”

அன்றைக்கு நான் அருவிக்குப் போகப்போவதில்லை என்று இரண்டு பேருக்குமே விளங்கிவிட்டது.

கம்பெனிக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடலாமே என்றேன். அவள் மறுத்துத் தலையாட்டினாள்.

“மிஷின் நின்னுட்டுன்னு சொன்னா, கண்ணு தெரியாததாலதான் சமாளிக்க முடியலன்னு நெனைப்பாவ. கண்ணு தெரிஞ்சவியளுக்கும் இதே கதிதான்னு யாரு சொல்லுவா?”

“நான் சொல்லுதேன். போன குடு.”

“நீங்க பேசினா கதை முடிஞ்சிரும். ஒரு போன் பேசக்கூட இவளுக்கு ஆள் வேணும்னு எழுதிருவாவ.”

நியாயம்தான். என் கோபம் எனக்குள்ளேயே கிடந்தது. அவளுக்கு என்ன தெரியாது? அப்டேட் அவசியம் என்று தெரியும். திருடன் வராமல் இருக்கத்தான் செய்கிறார்கள் என்றும் தெரியும். அதை அவளே சொன்னாள்.

“பூட்ட மாத்துதது நல்லதுதான் அண்ணாச்சி. நான் வீட்டுக்குள்ள இருக்கும்போது மாத்திட்டு, சாவிய எங்கன வச்சாவன்னு சொல்லாம போனா, நான் என்ன செய்ய?”

இதைவிட நான் என்ன எழுதிவிடப் போகிறேன்?

இன்டர்வியூ நேரம் நெருங்கியும் நாற்பது நகராததால், கடைசியில் அவளே போன் செய்தாள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. சிஸ்டம் அப்டேட் ஆகிக்கொண்டிருக்கிறது, கொஞ்ச நேரம் கிடைக்குமா என்று கேட்டாள். ஸ்பீக்கரில் ஒரு பையன் குரல் சொன்னது: “ஓகே மேடம். நாங்க பிறகு கூப்பிடுறோம்.”

போன் கட்டாகிவிட்டது.

பேச்சி ஹெட்போனைக் கழற்றி மேஜை மேல் வைத்தாள்.

“பொறவாம் அண்ணாச்சி.”

தென்காசியில் பிறந்து வளர்ந்தவனுக்கு அதன் அர்த்தத்தைச் சொல்லித் தர வேண்டியதில்லை. எனக்கு அழுகை வரும் போலிருந்தது. அவள் முகத்தில் அதற்கான அறிகுறியே இல்லை. கேட்டுப் பழகிய வார்த்தை.

அந்த நேரம் பார்த்து அப்டேட் முடிந்து திரைக்கு உயிர் வந்தது. வந்ததுமே கேள்விகள். உங்கள் இருப்பிடத்தை அறியலாமா? நீங்கள் பயன்படுத்தும் விவரங்களை எங்களுக்கு அனுப்பலாமா? சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்து, சோபாவில் சாய்ந்துகொண்டு, அதற்கப்புறம் ‘உள்ளே வரலாமா’ என்று கேட்பவரை என்ன செய்வீர்கள்? நான் ஒவ்வொன்றாகப் படித்தேன்.

“வேண்டாம்னு போடுங்க.”

“வேண்டாம்னு ஒண்ணு இல்லியே. ‘ஆம்’னு இருக்கு. ‘பிறகு’ன்னு இருக்கு.”

பேச்சி சிரித்துவிட்டாள். “நம்மூர்க்காரன் எவனோதான் எழுதியிருக்கான்.”

யோசித்துப் பார்த்தால் பிரச்னை அங்கேதான் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல இடமே கொடுக்காதவரை எப்படி நம்புவது? நல்லதே செய்யட்டும். கேட்டுவிட்டுச் செய்தால் என்ன குறைந்துவிடும்? எங்கள் ஊர் ‘பொறவு’க்கும் இது பொருந்தும் என்பதால் இதை அடக்கித்தான் சொல்கிறேன்.

எல்லாம் முடிந்தும் சத்தம் வரவில்லை. கீழே வலது மூலையில் ஸ்பீக்கர் படம் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது, பக்கத்தில் ஒரு பெருக்கல் குறியோடு. ஹெட்போன் என்று ஒன்று இருப்பதையே அப்டேட் மறந்துபோயிருந்தது. அவள் சொல்லச் சொல்ல, எண்ணெய்க் கையோடு நான் அங்கங்கே அமுக்கினேன். டக்கென்று ஹெட்போனுக்குள் கடலை வறுபட ஆரம்பித்தது.

“குரல் மாறிட்டு. இது வேற ஆளு” என்றாள் பேச்சி. ஆனாலும் அப்போதுதான் அவள் தோள் இறங்கியது.

இன்டர்வியூ போய்விட்டது, இனி என்ன? நான் எழுந்துகொண்டேன். அவள் எழவில்லை. தலையை வாரி, கேமராவுக்கு நேராக உட்கார்ந்துகொண்டாள். வெளியே சாரல் ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. வருவார்கள் என்ற நம்பிக்கையா, வரமாட்டார்கள் என்று ஒத்துக்கொள்ள மனசில்லாத பிடிவாதமா, எனக்குத் தெரியவில்லை. தனியாக விட்டுவிட்டுப் போக மனம் வராமல் நானும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

அழைப்பு வந்தது.

நான் கேமராவில் விழாத மூலைக்கு ஓடினேன். அதே பையன்தான். “சாரி மேடம், லேட்டாயிருச்சு. எங்க ஆபீஸ்லயும் காலையிலேர்ந்து பாதி சிஸ்டம் அப்டேட்லதான் மாட்டிக்கிட்டு நிக்குது. நீங்களாவது போன் பண்ணிச் சொன்னீங்க. மத்தவங்க பலரைக் காணவே இல்ல.”

“பரவாயில்ல சார்” என்றாள் பேச்சி. அதற்கப்புறம் டைப் அடித்துக் காட்டச் சொன்னபோது அவள் விரல்கள் ஓடிய வேகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூலையில் நின்ற எனக்குக் காதோரம் எண்ணெய் வழிந்தது. துடைக்கத் தோன்றவில்லை.

இந்தத் திங்கட்கிழமையிலிருந்து பேச்சி வேலைக்குப் போகிறாள். அதாவது, கட்டிலிலிருந்து மேஜைக்கு. அப்டேட் கேட்டால் இப்போதெல்லாம் சாயங்காலம் வேலை முடிந்ததும் ‘இப்போது’ கொடுத்துவிடுகிறாளாம். புதுக்குரலோடும் சமாதானமாகிவிட்டாள்.

நேற்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டாள். “அண்ணாச்சி, மதினியக் கூட்டிக்கிட்டு நம்ம வீட்டுக்குச் சாப்பிட வாங்க. அம்மா பாயசம் வைக்காவ.”

வாய்ப் பழக்கம். “பொறவு வாரோம்மா” என்றேன்.

“சரி அண்ணாச்சி” என்றாள். “பொறவுன்னா எத்தன மணிக்கு?”