டிரினிடாட்டில் அண்ணா பூசாரியாக இருந்த பதினான்கு மாதங்கள்

காங்கேசன்துறை ரயில் பாதையோரத்தில், ரயில்வேயில் எழுத்தராக இருந்த எங்கள் ஐயாவுக்கும் அம்மாவுக்கும் மூத்த பிள்ளையாக அண்ணா பிறந்தார். சின்னண்ணா நடுவில், நான் கடைசி. இன்று அண்ணாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களுக்கு அவரை லண்டன் ஹவுன்ஸ்லோக்காரராகத் தெரியும், ஹீத்ரோ விமான நிலையத்தில் வேலை எடுத்துத் தந்தவராகத் தெரியும். தெரியாத ஒரு கதை உண்டு. அதை எழுதும்படி அவரே என்னிடம் கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன்.

எண்பத்துமூன்று இனக்கலவரத்துக்கு அடுத்த ஆண்டு, லண்டன் என்று சொல்லித்தான் ஏஜென்ட் அண்ணாவை விமானம் ஏற்றினார். இறங்கிய இடத்தில் தென்னைமரங்கள் நின்றன. “லண்டனிலயும் தென்னை நிக்குதெண்டு சந்தோசப்பட்டன்” என்று அண்ணா பகிடியாகச் சொன்னார். அது கரீபியன் கடலில் உள்ள டிரினிடாட் தீவு. இரண்டு நாளில் ஆள் வந்து அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒருவரும் வரவில்லை. ஏஜென்டின் தொலைபேசியையும் யாரும் எடுக்கவில்லை.

மூன்றாம் நாள், ரொட்டிக்குள் கடலைக்கறி வைத்து விற்கும் ஒரு வண்டியருகே அண்ணா போய் நின்றார். வண்டிக்காரப் பெண்ணின் பெயர் ரூபி. அவர் ஆங்கிலத்தில் விசாரித்தார். நீ இந்துவா என்று கேட்க, களைப்பில் அண்ணாவின் வாயில் ஆங்கிலம் வரவில்லை. “ஓம்” என்றார். தூரத்திலிருந்து வருகிறாயா? “ஓம்.” பசிக்கிறதா? “ஓம், ஓம்.”

நமக்கு அது சம்மதம் சொல்லும் சொல், அவ்வளவுதான். ரூபிக்கோ அது பிரார்த்தனை தொடங்கும் ஒலி. சோறு கேட்பதற்குக்கூடப் பிரணவம் சொல்லித் தொடங்குகிற மனிதர் பூசாரியாகத்தானே இருக்க வேண்டும்?

ரூபியின் முன்னோர், அந்தத் தீவில் ஆபிரிக்க அடிமைகள் விடுதலையான பின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் போதாமல் சென்னையிலிருந்து கப்பலில் ஏற்றிச் செல்லப்பட்டவர்கள். தமிழ் அவர்கள் நாவிலிருந்து எப்போதோ போய்விட்டது. மாரியம்மன் மட்டும் இருந்தாள். ரூபியின் தந்தை அப்போது படுத்த படுக்கை. தம் முன்னோரின் மொழியில் தம்மை வழியனுப்ப ஒருவர் வேண்டும் என்பதே அவருடைய கடைசி ஆசை. தமிழ் தெரிந்த கடைசிப் பூசாரியும் இறந்துபோயிருந்த அந்த ஊருக்குள் அண்ணா ஓம் ஓம் என்று போய் நின்றால், சும்மா விடுவார்களா?

வீட்டில் ஓர் அறை கொடுத்தார்கள். முதலில் பசியினால் உண்மையைச் சொல்லவில்லை, பிறகு வெட்கத்தினால் சொல்லவில்லை என்றார் அண்ணா. பூசாரி ஐயா மீன் மச்சம் சாப்பிடமாட்டார் என்று அவர்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். நாலு பக்கமும் கடல், வீட்டுக்கு வீடு மீன் பொரிகிற வாசம், நடுவில் பருப்போடு எங்கள் அண்ணா. காங்கேசன்துறைக்காரருக்கு அது சின்னத் தண்டனையா?

எட்டாம் மாதம் ரூபியின் தந்தை இறந்தார். கடற்கரைச் சுடலையில் ஊரே கூடி நின்றது. அண்ணாவுக்குக் கிரியை மந்திரம் ஒன்றும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் பாடமாக்கிய இரண்டு பதிகங்களைப் பாடினார். அவை முடிந்தும் விறகு அடுக்கி முடியவில்லை. எல்லோரும் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பயத்தில், சிறு வயதில் ஐயா எங்களுக்குச் சொல்லித்தந்த ஒன்றுதான் அவருக்கு நினைவில் வந்தது. அதைப் பதிகத்தின் இராகத்திலேயே தொடங்கினார். காங்கேசன்துறை, தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம் என்று கொழும்பு கோட்டை வரைக்கும் ரயில் நிலையங்கள் அத்தனையையும், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓர் ஓம் சேர்த்துச் சொல்லி முடித்தார். கூடி நின்றவர்கள் விம்மி விம்மி அழுதார்கள்.

அதற்கு ஆறு மாதம் கழித்து, அந்த ஊர் மக்களே அண்ணாவை லண்டனுக்கு அனுப்பிவைத்தார்கள். விமான நிலையத்தில் முதியவர்கள்கூட அவர் காலைத் தொட்டு வணங்கினார்களாம். அதை மட்டும் தம்மால் தாங்க முடியவில்லை என்றார்.

லண்டனில் அகதி விண்ணப்பம், ஹவுன்ஸ்லோவில் ஆறு பேருடன் ஓர் அறை, ஹீத்ரோவில் பெட்டி ஏற்றும் வேலை. அண்ணாவின் ஆங்கிலம் தீவு ஆங்கிலமாக இருந்ததால், கரீபியனிலிருந்து வந்து அங்கே வேலை செய்தவர்கள் அவரைத் தங்கள் ஆளாகவே சேர்த்துக்கொண்டார்கள். அண்ணியைக் கைப்பிடித்தார். இரண்டு பிள்ளைகளையும் படிப்பித்து ஆளாக்கினார். எங்களை ஒவ்வொருவராக லண்டனுக்குக் கூப்பிட்டார். என் குடும்பம் வட லண்டனில் எட்மண்டன் பக்கம் வீடு பார்த்தபோது, இரவு ஷிப்ட் முடித்த கையோடு வந்து சுவருக்குப் பெயின்ட் அடித்தார். இன்னொருவருக்கு உதவி என்றால் அண்ணாவுக்கு அலுப்பே வராது.

ஆனால் செத்தவீடு என்றால் வாசலோடு நின்றுவிடுவார். விம்பிள்டன் கோயிலில் பதிகம் பாடச் சொன்னால் எழுந்து வெளியே போய்விடுவார். அம்மா இறந்தபோது மூத்த மகனாக நின்று கிரியை செய்ய மறுத்து, சின்னண்ணாவை நிற்க வைத்துவிட்டு, தாம் செருப்புகள் கிடந்த இடத்தில் நின்றார். தலைக்கனம் என்று நான் எல்லோர் முன்னிலையிலும் ஏசினேன். இரண்டு வருடம் அவரோடு கதைக்கவில்லை. பிறகு கதைத்தேன், என்றாலும் மனம் ஆறவில்லை.

ஈரலில் புற்றுநோய் என்று தெரிந்து வார்டில் இருந்த ஒரு மத்தியானம், அண்ணா என் கையைப் பிடித்தார்.

“பிள்ளை, நான் ஒரு செத்தவீட்டில பொய் சொல்லிப்போட்டன். அந்த மனிசனை ரயில் ஸ்டேசன் சொல்லி அனுப்பிப்போட்டன். அதுக்குப் பிறகு பெத்த தாய்க்குக்கூட வாய் திறக்க எனக்கு என்ன தகுதி இருக்கு?”

“இவ்வளவு காலமும் ஏன் அண்ணை சொல்லேல்லை?”

“ஏலாமப் போச்சு. ரூபிக்குச் சொல்லாமச் சாக எனக்கு விருப்பமில்லை. ஒரு கடிதம் எழுதித் தா.”

அவர் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் எழுதி, என் தொலைபேசி எண்ணையும் சேர்த்துப் பழைய முகவரிக்கே அனுப்பினேன். மூன்று கிழமையில் ரூபி தொலைபேசியில் அழைத்தார். எண்பது வயதைத் தாண்டிய குரல். அண்ணாவின் காதருகே தொலைபேசியைப் பிடித்தேன்.

“என் கணவரையும் அதைச் சொல்லித்தான் எரித்தோம்” என்றார் ரூபி. “என் தம்பியையும். நீ சொன்னதை அன்றைக்கே ஆங்கில எழுத்தில் எழுதி வைத்தோம். இந்த ஊரில் யார் செத்தாலும் அதைத்தான் சொல்கிறோம். இனி அவர்களுக்கு நான் என்ன சொல்வது?” பதிலுக்கு நிற்காமல் வைத்துவிட்டார்.

அடுத்த நான்கு நாளும் அண்ணா சரியாகச் சாப்பிடவில்லை. தொலைபேசியைத் தலையணை அருகிலேயே வைக்கச் சொன்னார். ஏன்தான் அந்தக் கடிதத்தை எழுதினேனோ என்று என்னை நானே நொந்துகொண்டேன்.

ஐந்தாம் நாள் ரூபி மறுபடி அழைத்தார். ஊரவரைக் கோயிலில் கூட்டிக் கடிதத்தை வாசித்துக் காட்டினாராம். சிலர் கோபித்தார்களாம். ஒருவர் எழுந்து, “அவை உண்மையான ஊர்களா? ஆட்கள் இருக்கும் ஊர்களா?” என்று கேட்டுவிட்டு, அவரே சொன்னாராம்: “நம்மைக் கப்பலில் ஏற்றியவர்கள் நம்பர் எழுதினார்கள், தோட்டத்தின் பெயர் எழுதினார்கள். நம் ஊரின் பெயர் இங்கே ஒருவருக்கும் தெரியாது. இவையாவது இருக்கட்டும்.”

அண்ணா அப்போதும் விடவில்லை. “அவை உங்கள் முன்னோரின் ஊர்களல்ல, ரூபி. அவர்கள் இந்தியா. இது பக்கத்து நாடு. நடுவில் கடல் இருக்கிறது.”

“எவ்வளவு கடல்?”

“கொஞ்சம்தான்.”

“இங்கிருந்து பார்த்தால் அது ஒரே இடம்தான்” என்றார் ரூபி. “நாங்கள் மாற்றப்போவதில்லை. நீ நிம்மதியாக இரு.”

அடுத்த நாள் அண்ணா அம்மாவின் படத்தைக் கொண்டுவரச் சொன்னார். தாதி ஊசியோடு காத்து நிற்க, குரல் பிசிறப் பிசிற இரண்டு பதிகங்களையும் முழுதாகப் பாடினார். அத்தனை வருடமாக நான் வைத்திருந்த கோபம் அந்தக் கட்டிலடியிலேயே போனது. அதற்குப் பிறகு பதினொரு நாள் எங்களோடு இருந்தார்.

அவரைக் கவனித்த வைத்தியர்களுக்கும் தாதிமாருக்கும், வார்டில் முறை வைத்து நின்ற ஹீத்ரோ நண்பர்களுக்கும், சமைத்து அனுப்பிய ஹவுன்ஸ்லோ அயலவர்களுக்கும், கிரியைகளை நடத்திய குருக்கள் ஐயாவுக்கும், நேரிலும் தொலைபேசியிலும் துயர் பகிர்ந்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

முன்வரிசையில் அண்ணிக்குப் பக்கத்தில், ஊதா நிறத் தொப்பியோடு இருக்கும் அம்மாதான் ரூபி. முதன்முறையாக விமானம் ஏறி, தனியாக வந்திருக்கிறார். சாப்பிட்டுப் போகுமுன் அவரோடு இரண்டு வார்த்தை கதையுங்கள். எந்த ஊர் என்று கேட்பார். நீங்கள் சுன்னாகம் என்றோ மல்லாகம் என்றோ சொன்னதும் கண்ணை மூடிக் கைகூப்புவார். தயவுசெய்து சிரித்துவிடாதீர்கள்.