இல்லம் என்றால் வீடு

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகம். அதனாலேயே கைக்கு வந்த ஒரு காம்பரா, ஒரு முழு அறை, போயிற்று.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயத்தின் ஒற்றைக் காம்பராவில் ஏழு பேர் இருந்தோம். அடுப்புப் புகைக்கும் தம்பிகளின் சண்டைக்கும் நடுவே எஸ்.எஸ்.சி. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். லயத்தின் கோடிக் காம்பராக்காரர்கள் இந்தியாவுக்குக் கப்பலேறியதும், அதை எங்களுக்குத் தருவதாகத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை சொல்லியிருந்தார். ஜன்னல் உள்ள காம்பரா. எங்கே உட்கார்ந்து படிப்பது என்றுகூட நான் பார்த்து வைத்துவிட்டேன்.

மரக்கறி விற்க வரும் சிங்களவர் ஒரு நாள் காலை கூடையைக்கூட இறக்காமல் கத்தினார். "கீழ ஓயா ஆத்துப் பக்கம் நல்ல இல்லம் கிடைச்சிருக்கி! எல்லா ஆளும் அங்கதான் போறது!"

அம்மா என் பக்கம் திரும்பினாள். "இல்லம்னா என்னா புள்ள?"

"வீடும்மா. எங்க புத்தகத்துல இருக்கு. கவருமெண்டு வீடு குடுக்குது போல."

அவரையே கேட்டிருக்கலாம். படித்தவள் மரக்கறிக்காரரிடம் போய் அர்த்தம் கேட்பதா?

அப்பா அன்றே கணக்கப்பிள்ளையிடம் போனார். "எங்களுக்கு ஆத்தோரம் வீடு வருதுங்கய்யா. மக படிச்சுச் சொல்லுச்சு. கோடிக் காம்பராவ அடுத்த வீட்டுக்காரவுங்களுக்கே குடுத்துருங்க." முந்தின நாள்தான் கோடிக் காம்பரா காலியாகியிருந்தது; அடுத்த வீட்டுக்காரர்கள் மாலைக்குள் பாய், சட்டியோடு குடியேறிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வெள்ளை வேட்டி கட்டி என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஆற்றங்கரையில் வீடு இல்லை. குழிகளில் ஆட்கள் இறங்கிச் சரளை அள்ள, சிலர் அதைக் கூடைகளில் அலசிக்கொண்டிருந்தார்கள். மாணிக்கக் கல் கிடக்கும் அந்தச் சரளைக்குத்தான் சிங்களத்தில் இல்லம் என்று பெயர்.

"வீடு எங்கங்க குடுக்குறாங்க?" என்று அப்பா கேட்டார்.

"வீடா? குழிதான் இருக்கு மாமா, வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு எறங்குங்க!" என்றான் ஒருவன். கரை முழுக்கச் சிரித்தது.

ஒரே மாதத்தில் அங்கே ஒரு கடைவீதி முளைத்தது. தேத்தண்ணிக் கடை, சலூன், சோடாக் கடை, நாள் முழுக்க அலறும் ஒலிபெருக்கி. நேற்று வந்த கல் வியாபாரிக்கு நான்கு நாளில் தகரக் கூரை ஏறியது. மூன்று தலைமுறையாகக் கொழுந்து பறிக்கும் எங்களுக்கு இன்னொரு காம்பராவுக்கு வழியில்லை. கிடைத்ததையும் நானே கெடுத்தேன்.

தண்ணீர் பிடிக்கப் போனால், கோடிக் காம்பராவுக்குக் குடிபோன அந்த அக்கா விடமாட்டாள். "என்னா டீச்சரம்மா, இல்லத்துக்கு எப்பக் குடி போறீங்க?"

ஒரு நாள் அது அப்பாவின் காதில் விழுந்தது. "புள்ளய ஏம்மா சொல்றீங்க? புத்தகத்துலயே தப்பாப் போட்டுட்டானுங்க," என்றார்.

புத்தகம் சரிதான், தப்பு என்மேல்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் குடத்தைத் தூக்கிக்கொண்டேன். உள்ளே போய் அடுப்புக்குப் பக்கத்தில் அதே புத்தகத்தைத் திறந்தேன். கீழே ஒலிபெருக்கி அலறியது. ஒரு வரியைப் பத்துத் தடவை படித்தேன்.