எட்டு மில்லிமீட்டர்

ஆர்கெஸ்ட்ராவில் நாற்பத்தாறு பேர் வாசிப்பார்கள். அத்தனை பேருக்கும் கைதட்டல் உண்டு. அவர்கள் பார்த்து வாசிக்கும் தாள்களைப் பக்கம் பக்கமாக அமைத்துக் கொடுப்பவளுக்கு மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை உண்டு. அதற்கு ஜன்னல் கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக அவள் அங்கே கணினி முன் உட்கார்ந்து, இசையை அச்சுக்கு அமைக்கும் மென்பொருளில் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே உள்ள தூரத்தைக் கூட்டுவதும் குறைப்பதுமாக இருந்தாள். அரை மில்லிமீட்டருக்காக ஒருவரோடு அரை மாதம் பேசாமல் இருந்தவள். மில்லிமீட்டர் அக்கா என்று பெயர் வைக்காமல் வேறென்ன வைப்பார்கள்?

அவளுடைய தம்பி அதே ஆர்கெஸ்ட்ராவில் வயலினைவிடக் கொஞ்சம் பெரிதான வயோலா வாசிப்பவன், கடைசி நாற்காலி. வயது நாற்பத்தொன்பது, வீம்புக்கு மட்டும் வயது பத்து. கொஞ்ச நாளாகத் தாளைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கண் டாக்டரப் பாரேன்டா."

"என் கண்ணுக்கு என்ன? இந்த வீட்ல லைட்டு சரியில்ல."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அக்கா லைட்டை மாற்றினாள். உடனே மேசை உயரம் சரியில்லை என்றான் அந்தக் கல்லுளிமங்கன். கண்ணாடி போட்டால் வயதாகிவிட்டது என்று வெளியே தள்ளிவிடுவார்களாம். கண்ணாடி போடாமல் தப்பாக வாசித்தால் மாலை போட்டு வைத்துக்கொள்வார்கள் பாருங்கள்.

அந்த மாதத்தில் இரண்டு தடவை தவறான இடத்தில் வாசிக்கத் தொடங்கினான். வயோலாக்காரர்களுக்குத் தலைவராக முதல் நாற்காலியில் இருப்பவர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவ தப்பினா அந்த நாற்காலிக்கு வேற ஆள் பாத்துடுவேன்." தம்பிக்கு வயோலாவைத் தவிர வேறொன்றும் தெரியாது. டீ போடுவதற்குக்கூட அக்கா வேண்டும்.

தாளிலும் குற்றம் இருந்தது. மேனேஜர் சிக்கனக்காரர். ஸ்வரங்கள் உட்காரும் ஐந்து கோடுகளின் உயரம் ஒரு காலத்தில் எட்டு மில்லிமீட்டர். காகிதம் மிச்சமாகட்டும் என்று வருஷா வருஷம் குறைக்கச் சொல்லி, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, இப்போது ஆறரையில் நின்றது. தம்பிக்கு மட்டும் பெரிதாக அச்சடித்தால் ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், நாற்பத்தாறு பேருக்கும் எட்டாக்கினாள்.

பக்கம் கூடக் கூடாதே என்று ஓரங்களை வெட்டினாள். வரிகளை நெருக்கினாள். மேல் வரியின் அடி ஸ்வரம் கீழ் வரியின் உச்சி ஸ்வரத்தோடு நெரிசல் பஸ்ஸில் போல இடித்துக்கொண்டது. வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் அவர்களுடைய ஏழு தலைமுறையையும் இழுத்திருப்பாள். சகிக்க முடியாமல் கொஞ்சம் தளர்த்தினாள். பக்கம் புரட்டும் இடத்தில் வாசிப்பவருக்குக் கை ஓய்வு இருக்க வேண்டும், அதற்காக இன்னும் கொஞ்சம். கடைசியில் ஆளுக்கு இரண்டு பக்கம் கூடிவிட்டது.

மறுநாள் ஒத்திகையில் தம்பி ஓர் இடத்திலும் தப்பவில்லை. மற்றவர்களும் என்றைக்கும் இல்லாத உற்சாகத்தில் இருந்தார்கள். "இன்னிக்கு ஹால்ல லைட்டு நல்லாருக்கு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். லைட் அதே லைட்தான்.

இடைவேளையில் மேனேஜர் ஒரு கத்தைத் தாளோடு மேடையேறினார். "ஆளுக்கு ரெண்டு பக்கம் ஜாஸ்தி. இவ்வளவு பெரிய எழுத்து யாருக்கு வேணும்? கண்ணு தெரியாதவங்க கை தூக்குங்க, பாப்போம்."

நாற்பத்தாறு பேருக்கும் அந்த நிமிஷத்தில் தந்தியை முறுக்கவும் மூக்கைச் சொறியவும் அவசர வேலை வந்துவிட்டது. தம்பி வயோலாவைத் துடைத்துக்கொண்டிருந்தான். கதவோரம் நின்றிருந்த அக்கா கையைத் தூக்கினாள்.

"எனக்குத்தான் சார். சின்னதா இருந்தா எனக்குத் தெரிய மாட்டேங்குது."

"அதுக்கு ஸ்க்ரீன்ல பெருசாக்கிப் பாருங்க. பேப்பர்ல எதுக்கு?"

மேடை முழுக்கச் சிரித்தது. மேனேஜர் சிரிக்கவில்லை. "கண்ணு தெரியாதவங்கள வெச்சு இந்த வேலய எப்படி நடத்துறது? யோசிக்கணும்."

தம்பி எழுந்தான். "அக்கா கண்ணு நல்லாத்தான் இருக்கு சார். எனக்குத்தான் தெரியல. எனக்காகத்தான் பண்ணிருக்காங்க."

அவளுக்கு அழுகை வந்தது. இத்தனை நாள் லைட்டு, மேசை என்று அலையவிட்டானே என்று கோபமும் வந்தது. மேனேஜர் தீர்ப்புச் சொன்னார்: இவனுக்கு மட்டும் எட்டு, மற்ற எல்லோருக்கும் பழையபடி ஆறரை. நாற்காலி விஷயத்தை மட்டும் வயோலாத் தலைவர் பக்கம் தள்ளிவிட்டார். "பாக்கலாம்" என்றார் அவர், தம்பியின் முகத்தைப் பார்க்காமல்.

ராத்திரி முழுக்க அக்கா தூங்கவில்லை.

மறுநாள் மதியம் அந்தத் தலைவரே மாடிப்படி அறைக்கு வந்தார். உள்ளே வந்து கதவைச் சாத்தினார். "ஒரு ஃப்ரெண்டு கேட்டாரு. உங்க தம்பிக்குக் குடுத்த அந்தப் பெரிய காப்பி இன்னொண்ணு கெடைக்குமா?"

"வயோலாவுக்கா?"

"ஆமா."

"உங்க ஃப்ரெண்டுக்கு எத்தனாவது நாற்காலி?"

பார்வையைத் திருப்ப அந்த அறையில் ஒரு ஜன்னல்கூட இல்லை. அவர் தன் செருப்பைப் பார்த்தார். "முதல் நாற்காலி."

அவள் கணினிப் பக்கம் திரும்பி, ஆறரையை அழித்து எட்டு என்று அடித்தாள். அச்சுக்கு அனுப்பவில்லை. விரலை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டாள்: "கடைசி நாற்காலியில யாரு?"

"உங்க தம்பிதாம்மா. வேற யாரு?"