நீல நாக்கு நோன்பு

மூன்று இருபதுக்கு வரவேண்டிய பள்ளிக்கூட வேன் வரவில்லை. மழை கொட்டியது. வாசலில் நின்று மகள் வரும் பாதையையே பார்த்தேன். பக்கத்து வீட்டிலிருந்து நோன்புக் கஞ்சியின் ரம்பை இலை வாசம் வந்தது.

இதே வாசத்தை முதன்முதலில் தேடிப் போனபோது எனக்கு ஏழு வயது. நோன்பிருக்காத தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கஞ்சி கிடைக்காதென்று நினைத்து, தெஹியோவிட்டப் பள்ளிவாசலில் தூக்குவாளியை நீட்டி, "நானும் நோன்புங்க" என்றேன். நாவல்பழம் தின்ற நாக்கு நீலமாக இருந்தது.

கஞ்சி ஊற்றியவர் சிரித்தார். "நாக்கே சொல்லுது உன் நோன்ப! பொய் சொல்லாட்டியும் கிடைக்கும், புள்ள. அல்லாஹ் கரீம், வாரிக் குடுக்கிறவன். தகுதி பார்க்கமாட்டான்." வாளி வழிய ஊற்றினார்.

ஒருநாளும் தொழாத நான் இன்று கரீம் என்ற அந்தப் பெயரைச் சொல்லித்தான் மகளைத் திருப்பித் தரும்படி கேட்டேன்.

ஐந்து மணிக்கு, முன்பின் தெரியாத சிங்களப் பெண்ணொருத்தி மகளைக் குடைக்குள் அணைத்தபடி மேடேறி வந்தாள். பெயர் கேட்ட என்னைத் தங்கையாகவே அழைத்தாள். "ரோட்டுல மண் சரிஞ்சு வேன் நிக்குது, நங்கி. என் பேரைப் பொறகு கேளுங்க. முதல்ல புள்ளைக்குத் தலை துவட்டுங்க."