ஸ்கூட்டர் பல்பும் முந்நூறு வாட்டும்

அக்கா அமெரிக்கா போக ஒன்பது நாள் இருந்தது. அதற்குள் ஒரே ஒரு கார் பந்தயத்தையாவது முழுசாக ஆடி முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான் எங்கள் ஆசை. தொண்ணூறுகளின் கடைசி. மயிலாப்பூர் வீட்டு நடு அறையில் என் கம்ப்யூட்டர். ஒரே கீபோர்டில் இடது பக்கம் அவள், வலது பக்கம் நான்.

அக்காவைக் கட்டிக்கொள்ள அமெரிக்காவிலிருந்து வந்தபோது அத்திம்பேர் எனக்கென்று ஒரு புது கிராபிக்ஸ் கார்டு கொண்டுவந்திருந்தார். அதை மாட்டியதும் திரையில் மழை பெய்தது, ஈரத் தார்ரோடு மின்னியது, வளைவு தாண்டினால் கடல். ஐயோ, என்ன அழகு! பட்டினப்பாக்கத்துக் காற்று ஜன்னல் வழியாக வரும்போது அது அந்தக் கடலிலிருந்துதான் வருகிறது என்று மதியமெல்லாம் சொக்கிக் கிடப்போம். ஆனால் மூன்றாவது சுற்று வந்ததும் திரை பட்டென்று இருண்டு, கம்ப்யூட்டர் முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஒவ்வொரு தடவையும் இதே கூத்து.

உள்ளே எல்லாவற்றுக்கும் கரன்ட் பிரித்துக் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். பெட்டி பழசு, புது கார்டுக்கு ஈடுகொடுக்க முடியாமல் படுத்துவிடுகிறது. இது தெரிந்ததும் பெரிய மேதாவி மாதிரி, கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ரிச்சி தெருவுக்குக் கிளம்பினேன்.

"இன்னா சார் யோசிச்சிக்கினு கீறே? தூக்கிப் பாரு. கனம் கீதா? அப்ப பவரும் கீது" என்றார் கடைக்காரர். எங்கள் வீட்டில் தேங்காயிலிருந்து வெண்கலப் பானைவரை கையில் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவோம். முந்நூறு வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டி அம்மிக்கல் கனம் கனத்தது. மறுபேச்சு பேசாமல் வாங்கிவந்தேன்.

மூன்றாவது சுற்றில் மறுபடியும் இருட்டு.

அக்கா பிஸிக்ஸ் படித்தவள். மறுநாள் பெட்டியைத் திறந்தாள். உள்ளே எதோடும் சேராமல் ஒரு இரும்புப் பட்டை, கனத்துக்காகவே திருகி வைத்திருந்தார்கள்.

"மண்டு! எஸ்.எம்.பி.எஸ்ஸைத் தேங்கா மாதிரியா வாங்கிண்டு வருவே?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு எரிச்சலான எரிச்சல். இந்தச் சிரிப்பும் இன்னும் ஏழு நாள்தான் என்று நினைத்ததும் எரிச்சல் எங்கோ போய்விட்டது.

மிச்சமிருந்த கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்பக்கம், மஞ்சள் தடவிய மூலைக்குக் கீழே, எது எத்தனை வாட் தின்னும் என்று எழுதிக் கூட்டினாள். எதற்கும் இருக்கட்டும் என்று அதில் பாதியையும் மேலே சேர்த்துக்கொண்டாள். "ஸ்டிக்கரை யார் வேணா ஒட்டலாம். வேலை வாங்கிப் பார்த்தாத்தான் தெரியும். ஸ்கூட்டர் பல்புக்கும் அதே பன்னண்டு வோல்ட்தான்" என்று அப்பாவின் ஸ்கூட்டரிலிருந்து ஹெட்லைட் பல்பைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

கடையில் ஒவ்வொரு பெட்டியிலும் அந்தப் பல்பை மாட்டச் சொன்னாள்.

"இன்னாம்மா, இது கம்ப்யூட்டர் கடையா, மெக்கானிக் ஷெட்டா?"

"ஏமாத்தினது நீங்கதானே? மாட்டுங்கோ."

முதல் பெட்டியில் பல்பு சிவந்து அணைந்தது. இரண்டாவதில் அழுது வடிந்தது. நான்காவதில் பளீரென்று எரிந்து, கால் மணி நேரமானாலும் மங்கவேயில்லை. இரும்புப் பட்டைப் பெட்டியைக் கொடுத்து அதை மாற்றிக்கொண்டு வந்தோம்.

அன்று மதியமே உட்கார்ந்தோம். மூன்றாவது சுற்று. வளைவு, மழை, கடல். திரை இருளவில்லை. என்னைவிட ஒரு கார் தூரம் முன்னால் போய்க்கொண்டிருந்தவள், முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்னால் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அவள் கார் மெதுவாகி நின்றது.

"என்னாச்சுக்கா? போயேன்!"

"இருடா. போனா முடிஞ்சுடும்."

என் காரையும் அவள் கார் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். திரையில் மழை பெய்துகொண்டே இருந்தது. அம்மா காபிக்கு இரண்டு தடவை கூப்பிட்டாள். நாங்கள் எழுந்திருக்கவில்லை.