பேர் மாத்தினால்தான் போன் நம்பும்

மாற்றி முடித்த வேலையை, "இன்னும் மாத்தலையே" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருக்கிறார்களா? வெப்சைட் வேலை பார்க்கிற நமக்கெல்லாம் அதுதான் காலை வணக்கம். திருவையாறு பக்கத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். அறுவடை மெஷின் வாடகைக்கு விடும் ஜாபர் பாயின் வெப்சைட் என் பொறுப்பு. எந்த ஊருக்கு எந்தக் கிழமை மெஷின் வருகிறது என்று அதில் பார்த்துத்தான் ஜனங்கள் ஆளுக்கும் டிராக்டருக்கும் சொல்லி வைப்பார்கள்.

முகம் கழுவிய பாய்

முதல் தடவை கிழமையை மாற்றியதுமே பாய் கூப்பிட்டார். "என்னம்மா, பழசேதானே காட்டுது?" ஒவ்வொரு தடவையும் புதிதாக வாங்கிவர நேரமாகும் என்று பிரவுசர், பார்த்த பக்கத்தின் ஒரு நகலைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். அதற்கு கேஷ் என்று பேர். காசு கேஷ் இல்லை, இது வேறு கேஷ். "ஒரு தடவை ரெஃப்ரெஷ் பண்ணிட்டுப் பாருங்க பாய்" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டார்.

"முகம் கழுவி டீயும் குடிச்சாச்சும்மா. இன்னும் அதேதான் காட்டுது."

பேர் வைத்த கதை

ஊரில் உள்ள எல்லார் போனையும் நான் போய்த் துடைக்க முடியுமா? அதற்கு ஒரு வழி உண்டு. கிழமைகள் இருக்கும் ஃபைலின் பேரை மாற்றிவிட்டால், போன் 'இது யாரோ புது ஆள்' என்று போய் வாங்கிவந்துவிடும். எந்தப் பேரைத் தேட வேண்டும் என்று சொல்லும் முகப்பை மட்டும் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்டு வாங்கும்படி வைத்தேன். மற்றவர்கள் ஒன்று, இரண்டு என்று எண் போடுவார்கள். நான் நெல் பருவத்தின் பேரில் 'குறுவை' என்று வைத்தேன். அடுத்த மாற்றத்துக்கு 'சம்பா', அதற்கடுத்து 'தாளடி'. மடியில் இருந்த என் மகள் கீபோர்டில் கை வைத்து அதை 'தாளடிடிடி' ஆக்கினாள், திருத்தினேன். என்னோடு வேலை பார்க்கும் பிரியா தஞ்சாவூரிலிருந்து இதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏன்டி, இது வெப்சைட்டா, விவசாயப் பஞ்சாங்கமா?"

மறுபடியும் குறுவை

அப்புறம் மழை வரும்போல் இருந்தது. பக்கத்து ஊருக்குச் சனிக்கிழமை போகவேண்டிய மெஷினை வியாழக்கிழமையே அனுப்புவதாகப் பாய் சொன்னார். மாற்றினேன். தாளடிக்கு அப்புறம் குறுவைதானே? ஃபைல் பேராகக் கை தானாக அதையே அடித்துவிட்டது.

வியாழன் காலையில் பாய் போன். "மெஷின் வரப்போரம் நிக்குதும்மா, செல்வி வயல்ல ஆளையே காணோம்." செல்வி அக்கா அந்தப் பக்கத்து ஊரில் வயலைக் குத்தகைக்கு எடுத்துச் சம்பா போட்டவர். கதிர் முற்றித் தலைசாய்ந்து நிற்கிறது. இன்றைக்கு விட்டால் மெஷின் லாரியேறி மன்னார்குடி போய்விடும்; மழையில் நனைந்தால் நெல் கதிரிலேயே முளைத்துவிடும்.

அக்காவைக் கூப்பிட்டேன். கும்பகோணத்தில் தங்கை வீட்டில் இருந்தார். "சனிக்கிழமைன்னுதானே போட்டிருக்கு? இப்பதான் பார்த்தேன்." அப்போதுதான் உறைத்தது. முதலில் வைத்த குறுவையை, அதிலிருந்த சனிக்கிழமையோடு அவர் போன் பத்திரமாக வைத்திருக்கிறது. தெரிந்த பேர்தானே என்று அதையே எடுத்து நீட்டுகிறது!

"அக்கா, போனை நம்பாதீங்க, பஸ் ஏறுங்க" என்றேன். பாயிடம், "பக்கத்து வயலை முதல்ல அறுங்க பாய், அக்கா வந்துடுவாங்க" என்று கெஞ்சினேன். ஃபைலுக்கு இதுவரை வைக்காத பேராக ஒன்றை வைத்துவிட்டு, மகளை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு தார்ப்பாயோடு ஓடினேன். அக்கா பஸ்ஸிலிருந்தே டிராக்டருக்குச் சொல்லி, முந்தானையைச் செருகிக்கொண்டு வந்து சேர்ந்தார். கடைசி நெல் டிரெய்லரில் விழுந்து தார்ப்பாயை இழுத்து மூடும்போது தூறல் ஆரம்பித்தது.

பாய் அவரைப் பார்த்துச் சிரித்தார். "செல்வி, நீ வர்ற வரைக்கும் மெஷினை ரெஃப்ரெஷ் பண்ணிக்கிட்டு நின்னேன்."

நான் கற்ற அத்தனை வித்தையையும் கேட்டுவிட்டு, நனைந்த தலையைத் துவட்டிக்கொண்டே செல்வி அக்கா என்னிடம் கேட்டது இவ்வளவுதான்: "அதெல்லாம் சரிம்மா, இனிமே மாத்தினா எனக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லிடு."